பிரவுசர் கிரிப்டோ வாலட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வரிசை தப்பாமல் ஒரு முழு வழிகாட்டி

"எந்த வாலட் நல்லது?" பெங்களூரில் மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பக்கம் பிஜி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். இந்த வழிகாட்டியில் அதற்குப் பதில் நான்காவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் முடிக்கவேண்டிய மூன்று வேலைகளை விட்டுவிட்டு நேராக வாலட்டை இறக்கியவர்கள்தான் பெரும்பாலும் பணத்தைத் தொலைக்கிறார்கள். அவர்கள் போட்டிருந்த வாலட்டில் குறை எதுவும் இருந்திருக்காது.

கிரிப்டோ வாங்கலாமா, வேண்டாமா என்பது வேறு பேச்சு. அந்தப் பக்கம் நான் போகவில்லை. வாங்கியாயிற்று, அல்லது வாங்கப்போகிறீர்கள். எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோவை வாங்கி விற்கும் தளம்) விட்டுவைக்காமல் சொந்த வாலட்டில் வைக்க நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் காசைத் தொடமுடியாமல் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். அதிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அதிகமாக வருகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். காயின் எதுவும் வாலட்டுக்குள் இருப்பதில்லை. கணக்கு பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதை நகர்த்தும் சாவி மட்டும்தான் வாலட்டில் இருக்கிறது. அந்தச் சாவியைத் திரும்ப உருவாக்க உதவுவது 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள் கொண்ட சீட் ஃபிரேஸ். வார்த்தைகள் யார் கையில் இருக்கிறதோ, பணம் அவருடையது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான்.

1. முதலில் லேப்டாப்: ஆபீஸ் மெஷின் வேண்டாம்

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் பலரிடம் கம்பெனி கொடுத்த லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது. அதில் வாலட் போடாதீர்கள். அந்த மெஷினில் எதை நிறுவலாம், எதை அழிக்கலாம், எதைக் கண்காணிக்கலாம் என்று முடிவு செய்வது ஐடி டீம். ஒருநாள் பாலிசி மாறி, வாலட்டாக வேலை செய்யும் எக்ஸ்டென்ஷனையே (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) நீக்கிவிட்டால், நீங்கள் போய்க் கேட்கக்கூட முடியாது.

அதைவிட அடிக்கடி நடப்பது இது. நோட்டீஸ் பீரியட் முடிந்து ரிலீவ் ஆன மறுநாள் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, லேப்டாப்பை நேத்தே ஒப்படைச்சுட்டேன். மெட்டாமாஸ்க் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கு, அது போதும்ல?" போதாது. மெட்டாமாஸ்க் ஒரு பிரவுசர் வாலட். அந்த பாஸ்வேர்டு, அந்த லேப்டாப்பில் அந்த பிரவுசருக்குள் பூட்டிவைத்த ஒரு கோப்பைத் திறக்க மட்டும்தான். கோப்பு அழிந்தால் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. வார்த்தைகளை அவன் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கிரோமில் சிங்க் போட்டிருந்தால், புது லேப்டாப்பில் லாகின் செய்ததும் வாலட்டின் ஐகான் தானாக வந்து நிற்கும். அதைப் பார்த்து "எல்லாம் வந்துவிட்டது" என்று நிம்மதி அடைகிறார்கள். வந்தது எக்ஸ்டென்ஷன் மட்டும்; உள்ளே இருந்த சாவி வருவதில்லை. திறந்தால் புதிதாகத் தொடங்கச் சொல்லும் பக்கம்தான் இருக்கும்.

சொந்த லேப்டாப் இல்லையென்றால் எஸ்பி ரோட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கடைக்காரர் போட்டுக்கொடுத்த விண்டோஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். முழுதாக அழித்து, அதிகாரபூர்வ ஓஎஸ்ஸை நீங்களே நிறுவுங்கள். கிராக் செய்த சாஃப்ட்வேர், கேம் எதுவும் அதில் கூடாது. ரெட்லைன், லும்மா போன்ற திருட்டு நிரல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகளோடுதான் ஒட்டிக்கொண்டு வருகின்றன. உள்ளே வந்ததும் அவை தேடும் இடங்களில் பிரவுசர் வாலட்டுகளின் கோப்புறையும் ஒன்று.

லேப்டாப் தயாரானதும் பிரவுசரில் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். அதில் வாலட்டைத் தவிர வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். கூப்பன் தேடித்தருவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, பிடிஎஃப் மாற்றுவது என்று நாம் போட்டுவைக்கும் பலவும் "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி வாங்கியவை. அவற்றில் ஒன்று கைமாறிக் கெட்டுப்போனாலும், நீங்கள் பார்க்கும் பக்கத்தில் பெறுபவரின் முகவரியை அதனால் மாற்றிக்காட்ட முடியும். புரொஃபைல் வேறானால் அந்த எக்ஸ்டென்ஷன்களால் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது.

2. எந்த நெட்வொர்க் என்று முடிவு செய்யுங்கள்

வாலட்டுக்கு முன்னால் நெட்வொர்க், அதாவது எந்த பிளாக்செயின் என்பது. உங்களிடம் இருப்பது, அல்லது நீங்கள் பயன்படுத்தப்போகும் தளம், எந்தச் செயினில் ஓடுகிறது? எத்தீரியம், அதன் குடும்பத்தைச் சேர்ந்த பாலிகான், ஆர்பிட்ரம், பேஸ், ஆப்டிமிசம் இவற்றுக்கெல்லாம் ஒரே வகை முகவரிதான். ஒரே வாலட் எல்லாவற்றுக்கும் போதும். சோலானா வேறு குடும்பம். காஸ்மாஸ் வேறு. ட்ரான் வேறு.

இங்கே வழுக்குவது பெரும்பாலும் டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் காயினான யுஎஸ்டிடியில். "என்கிட்ட யுஎஸ்டிடி இருக்கு" என்பார்கள். எந்த நெட்வொர்க்கில் என்று கேட்டால் தெரியாது. யுஎஸ்டிடி ட்ரானிலும் இருக்கிறது, எத்தீரியத்திலும் இருக்கிறது, சோலானாவிலும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றை இன்னொன்றின் முகவரிக்கு அனுப்பக்கூடாது.

அப்புறம் கேஸ், அதாவது பரிவர்த்தனைக் கட்டணம். ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் கட்டணத்தை அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயினில்தான் கட்டவேண்டும். பாலிகானில் பிஓஎல், ஆர்பிட்ரத்திலும் பேஸிலும் ஈத்தர், சோலானாவில் சோல். யுஎஸ்டிடியை மட்டும் பாலிகான் வாலட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிஓஎல் ஒரு துளிகூட இல்லாமல், அதை அசைக்கமுடியாமல் நிற்பவர்கள் நிறைய. சில வாலட்டுகள் கட்டணத்தை வேறு டோக்கனில் (யுஎஸ்டிடி போல ஒரு நெட்வொர்க்கின் மேல் ஓடும் காசு) எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கின்றன. அதை நம்பித் தொடங்கவேண்டாம்.

இந்தப் படியிலேயே எக்ஸ்சேஞ்சையும் பார்த்துவிடுங்கள். சில செயலிகளில் வாங்கலாம், விற்கலாம், ஆனால் காயினை வெளியே எடுக்க முடியாது. சிலவற்றில் குறிப்பிட்ட காயின்கள், குறிப்பிட்ட நெட்வொர்க்குகள் மட்டும் அனுமதி. ‘வித்ட்ரா’ பக்கத்தைத் திறந்து உங்கள் காயினும் நெட்வொர்க்கும் அங்கே இருக்கிறதா, குறைந்தபட்சத் தொகை என்ன, கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். வாலட்டை எல்லாம் அமைத்து முடித்தபிறகு இதைக் கண்டுபிடித்தால் அலுப்புதான் மிச்சம்.

3. பேப்பர், பேனா, வைக்கும் இடம்

வாலட் தொடங்கும்போது வார்த்தைகள் திரையில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் பேனா தேடினால் கை தானாகப் போனை எடுத்துப் படம் பிடிக்கும். அதனால்தான் பேப்பரை முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்கிறேன். போனில் எடுத்த படம் க்ளவுடுக்குப் போகும், அங்கிருந்து வீட்டு டேப்லெட்டுக்குப் போகும், பழைய போனை விற்கும்போது அதோடும் போகலாம். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, மெயில் டிராஃப்டில் வைப்பது, நோட்ஸ் செயலி எல்லாம் இதே கணக்குதான்.

கெட்டியான நோட்டுப் புத்தகத் தாள், தண்ணீர் பட்டால் கரையாத பேனா. இரண்டு பிரதி கையால் எழுதவேண்டும். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பல மெஷின்கள் நகல் எடுப்பதைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்.

பிஜியில் இருப்பவர்களுக்கு இடம்தான் பெரிய பிரச்சினை. ரூம்மேட் மாறிக்கொண்டே இருப்பார், துடைக்க வருபவர் மெத்தையைத் தூக்குவார், அலமாரிப் பூட்டுக்கு ஓனரிடமும் ஒரு சாவி இருக்கும். என் யோசனை: ஒரு பிரதி உங்களோடு, சர்ட்டிஃபிகேட் ஃபைலுக்குள், ஒட்டிய கவரில். இன்னொன்று அடுத்தமுறை மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போகும்போது வீட்டுப் பீரோவில், பத்திரங்களோடு. அம்மாவிடமோ அப்பாவிடமோ "இது முக்கியமான பேப்பர், யாரிடமும் காட்டவேண்டாம், போட்டோ எடுக்கவேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். அது என்ன என்றும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். உங்களுக்கு ஒன்று ஆனால் எடுப்பதற்கு ஆள் வேண்டும்.

4. இப்போது வாலட்டைத் தேர்ந்தெடுக்கலாம்

பிரவுசர் வாலட் என்று சொல்வதில் மூன்று வகை இருக்கிறது. பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று: மெட்டாமாஸ்க், ராபி, ஃபேன்டம், கெப்ளர் எல்லாம் இந்த வகை. பிரவுசருக்குள்ளேயே கட்டப்பட்டது இன்னொன்று. பிரேவ் பிரவுசரின் வாலட் அப்படி. மூன்றாவது, ஒரு வலைத்தளத்துக்குப் போய்ச் சாவியையோ வார்த்தைகளையோ தட்டித் திறப்பது.

மூன்றாவது வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2018 ஏப்ரலில் மைஈத்தர்வாலட் தளத்துக்குப் போனவர்களைத் திருடர்கள் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் சர்வரைக் கண்டுபிடிக்கும் அமைப்பு) வழியாகப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். முகவரிப் பட்டையில் பெயர் சரியாகத்தான் இருந்தது. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டியும் அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனவர்கள் சுமார் 1.5 லட்சம் டாலரை இழந்தார்கள். ஒவ்வொரு முறையும் தளத்துக்குப் போய் ரகசியத்தைத் தட்டவேண்டிய அமைப்பில் இந்த ஆபத்தும் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்.

எக்ஸ்டென்ஷன்களில் எதை எடுப்பது? நெட்வொர்க்கை இரண்டாம் படியில் முடிவு செய்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. காஸ்மாஸ் குடும்பம் என்றால் கெப்ளர். சோலானா என்றால் ஃபேன்டம் அல்லது சோல்ஃப்ளேர். ட்ரான் என்றால் ட்ரான்லிங்க். எத்தீரியம் குடும்பம் என்றால் மெட்டாமாஸ்க், ராபி இரண்டில் ஒன்று.

எத்தீரியம் குடும்பத்தில் புதிதாக வருபவருக்கு நான் ராபியைச் சொல்வேன். தளம் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறதோ அதற்கு அதுவே மாறிக்கொள்ளும். கையெழுத்துப் போடுவதற்கு (சாவியால் சம்மதம் கொடுப்பதற்கு) முன்னால் "இவ்வளவு போகும், இவ்வளவு வரும்" என்று காட்டும். முன்பின் தெரியாத முகவரிக்கு அனுமதி கொடுக்கப்போனால் எச்சரிக்கும். மெட்டாமாஸ்கும் இப்போது இப்படி மதிப்பீடு காட்டுகிறது. அது 2016 முதல் இருப்பதால் ஏறக்குறைய எல்லாத் தளமும் அதை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பிரச்சினை என்று தேடினால் விடை கிடைக்கும். நீங்கள் டெவலப்பர், கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) எழுதிப் பழகுகிறீர்கள் என்றால் மெட்டாமாஸ்கையே எடுங்கள்.

எதை எடுத்தாலும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சாவியைத் தனிக் கருவிக்குள் வைக்கும் லெட்ஜர், ட்ரெசர் போன்ற ஹார்டுவேர் வாலட்டை அதோடு இணைக்க முடியுமா? இன்று தேவையில்லாமல் இருக்கலாம். தொகை பெருகும்போது வேண்டும். இரண்டு, மூலநிரல் வெளியில் இருக்கிறதா? ராபி, மெட்டாமாஸ்க் இரண்டின் நிரலையும் கிட்ஹப் தளத்தில் யாரும் படிக்கலாம். நீங்கள் படிக்கப்போவதில்லை என்றாலும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று, ஆர்பிசி முகவரியை, அதாவது வாலட் எந்த சர்வர் வழியாக பிளாக்செயினோடு பேசுகிறது என்பதை, மாற்றமுடியுமா? மெட்டாமாஸ்க் இயல்பாகப் பேசுவது இன்ஃபியுரா சர்வரோடு. அங்கே உங்கள் ஐபி முகவரியும் வாலட் முகவரியும் சேர்ந்து போகும். அது பிடிக்கவில்லை என்றால் மாற்ற வழி வேண்டும். நான்கு, உள்ளேயே இருக்கும் ஸ்வாப் (ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்) பொத்தானின் கட்டணம். மெட்டாமாஸ்க் எடுப்பது 0.875 சதவீதம், கேஸ் தனி. அவசரத்துக்குச் சரி, தினமும் பயன்படுத்தினால் கணிசமாகக் கரையும்.

எக்ஸ்டென்ஷன் ஸ்டோரில் நட்சத்திரம் எத்தனை, யூடியூபில் யார் சொன்னார், இதைப் போட்டால் ஏர்டிராப் (இலவச டோக்கன்) வருமா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள். நட்சத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம்.

இன்னொரு சபலம், மூன்று நான்கு வாலட்டை ஒரே புரொஃபைலில் போட்டுவைப்பது. ஒரே தளத்தில் எல்லாம் முந்திக்கொண்டு நிற்கும். 2023-ல் வந்த ஒரு பொதுத் தரத்தால் புதிய தளங்களில் எந்த வாலட் என்று கேட்டு வாங்குகிறார்கள். பழைய தளங்களில் நீங்கள் ஒன்றை நினைத்துச் சொடுக்க, வேறொன்று எழுந்து வரும். இரண்டாவது வாலட் தேவையென்றால் அதற்கு இன்னொரு புரொஃபைல்.

5. இறக்குவது

கூகுளில் வாலட் பெயரைத் தேடி மேலே வரும் முதல் இணைப்பைச் சொடுக்காதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம்; போலி வாலட் விற்பவர்கள் அந்த இடத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். ஸ்டோருக்குள் நேராகப் போய்த் தேடுவதும் பாதுகாப்பில்லை. 2020 ஏப்ரலில் கிரோம் வெப் ஸ்டோரிலிருந்து 49 போலி வாலட் எக்ஸ்டென்ஷன்களை கூகுள் நீக்கியது. 2025-ல் ஃபயர்ஃபாக்ஸ் பக்கமும் அசல் வாலட்டுகளின் பெயர், லோகோவோடு 40-க்கும் மேற்பட்டவை பிடிபட்டன.

வாலட்டின் அதிகாரபூர்வத் தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டி, அங்கே இருக்கும் ‘இறக்கு’ பொத்தான் வழியாக ஸ்டோருக்குப் போங்கள். தள முகவரி சரியா என்று சந்தேகம் இருந்தால் அந்த வாலட்டின் கிட்ஹப் பக்கத்தில் இருக்கும் இணைப்போடு ஒப்பிடுங்கள். கிரோம் ஸ்டோர் பக்கத்தின் முகவரியில் 32 எழுத்து நீளத்துக்கு ஓர் அடையாளம் இருக்கும். பெயரையும் லோகோவையும் நகல் எடுக்கலாம், அந்த 32 எழுத்தை எடுக்க முடியாது. அதைக் குறித்துவைத்துக்கொண்டால் பின்னால் வேறு கணினியில் போடும்போது ஒப்பிடலாம்.

6. வாலட்டை உருவாக்குவது

‘புதிய வாலட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது சில வாலட்டுகள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கால் தொடங்கும் வழியும் கொடுக்கின்றன. வார்த்தை எழுதும் வேலை இல்லை என்று பலர் அதில் விழுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் கூகுள் கணக்கும் நீங்கள் போடும் பாஸ்வேர்டும் சேர்ந்து சாவி ஆகிவிடும். மெட்டாமாஸ்கில் அந்த பாஸ்வேர்டை மறந்தால் மாற்றித்தர அவர்களாலும் முடியாது. நான் வார்த்தைகள் வழியையே சொல்வேன்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். லேப்டாப் திருடு போனால் திருடனுக்கும் சாவிக்கும் நடுவே நிற்பது அது மட்டும்தான்.

வார்த்தைகள் வரும்போது அறையில் வேறு யாரும் வேண்டாம், மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் ஓடவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் எண்ணோடு எழுதுங்கள்: 1, 2, 3 என்று. வரிசை மாறினால் சாவி மாறிவிடும். இந்த வார்த்தைகளெல்லாம் 2048 வார்த்தை கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருபவை. பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. கையெழுத்து மோசமானவர்கள் முதல் நான்கு எழுத்தையாவது பெரிய எழுத்தில், தனித்தனியாக எழுதுங்கள். மீதியைப் பட்டியலைப் பார்த்து நிரப்பிவிடலாம்.

‘பிறகு நினைவூட்டு’ என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தியவர்கள் யாரும் பிறகு எழுதியதை நான் பார்த்ததில்லை.

7. பணம் போடும் முன் மீட்டுப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. வார்த்தைகளை எழுதினோம், சரிபார்க்கும் பக்கத்தில் இரண்டு மூன்று வார்த்தை கேட்டது, சரியாகச் சொன்னோம், முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது கேட்காத வார்த்தைகளில் பிழை இருந்தால்?

வாலட்டில் உங்கள் முகவரியின் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் இன்னொரு புதிய புரொஃபைல் திறந்து, அதே வாலட்டை நிறுவி, ‘ஏற்கனவே உள்ள வாலட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையைப் பார்க்காமல், பேப்பரை மட்டும் பார்த்து வார்த்தைகளைத் தட்டுங்கள். அதே முகவரி வருகிறதா? வந்தால் முதல் பேப்பர் சரி. புரொஃபைலை அழித்துவிட்டு இரண்டாவது பேப்பரோடும் இதையே செய்யுங்கள்.

முகவரியை ஏன் ஒப்பிடவேண்டும், வாலட் திறந்தால் போதாதா? போதாது. 12 வார்த்தைகளின் கடைசியில் 4 பிட் அளவுக்கு ஒரு சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. ஒரு வார்த்தைக்குப் பதில் பட்டியலில் உள்ள வேறொரு வார்த்தையைத் தவறாக எழுதிவிட்டால், 16-ல் 15 முறை வாலட் "தவறு" என்று சொல்லிவிடும். மீதி ஒரு முறை எந்தப் புகாரும் இல்லாமல் திறந்துகொள்ளும். ஆனால் திறப்பது வேறு யாருக்கும் சொந்தமில்லாத காலி வாலட். முகவரியைக் குறித்து வைக்காதவர், "பணம் எல்லாம் காணோம்" என்று பதறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வாலட்டின் வார்த்தைகளை வேறொரு நிறுவனத்தின் வாலட்டில் போட்டுப் பார்க்கும்போதும் சிலசமயம் முகவரி மாறும். ஒரே வார்த்தைகளிலிருந்து பல முகவரிகள் பிறக்கும். எந்தப் பாதையில் கணக்கிடுவது என்பது வாலட்டுக்கு வாலட் வேறுபடலாம். சோலானா வாலட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். பயப்படவேண்டாம், அமைப்பில் பாதையை மாற்றினால் பழைய முகவரி கிடைக்கும். பேப்பரில் வாலட்டின் பெயரையும் ஓரமாக எழுதிவையுங்கள்.

8. முதல் பணம்

எத்தீரியம் குடும்பமாக இருந்தால் முதலில் செபோலியா என்ற டெஸ்ட்நெட்டில் (சோதனை நெட்வொர்க்) பழகுங்கள். காசு இல்லாத போலி ஈத்தரை ‘ஃபாசெட்’ தளங்கள் இலவசமாகத் தரும். அனுப்புவது, பெறுவது, கேஸ் எவ்வளவு போகிறது என்று பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிவிடும்.

அப்புறம் எக்ஸ்சேஞ்சிலிருந்து குறைந்தபட்சத் தொகையை மட்டும் எடுங்கள். முகவரியைக் காப்பி செய்து ஒட்டியபிறகு, ஒட்டியது அதேதானா என்று பாருங்கள். கிளிப்போர்டில் இருக்கும் முகவரியைத் தன் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. வந்து சேர்ந்ததும் அதிலிருந்து கொஞ்சத்தைத் திரும்ப எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்பிப் பாருங்கள். உள்ளே வருவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது, வெளியே எடுக்கும்போதுதான் கேஸ் இல்லை, நெட்வொர்க் ஒத்துப்போகவில்லை என்றெல்லாம் தெரியவரும். இரண்டு கட்டணம் வீணாகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து பழைய முகவரியைக் காப்பி செய்யும் பழக்கம் வேண்டாம். உங்கள் நண்பரின் முகவரி போலவே தொடக்கமும் முடிவும் உள்ள முகவரியைத் திருடர்கள் தயாரித்து, அதிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை உங்களுக்கு அனுப்பி, பட்டியலில் தங்கள் முகவரியை நுழைத்துவைப்பார்கள். அடிக்கடி அனுப்பும் முகவரிகளை வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயரோடு சேமியுங்கள்.

9. தளத்தோடு இணைப்பதும் கையெழுத்துப் போடுவதும்

வாலட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, வார்த்தைகளைப் பத்திரமாக வைத்தவர்களும் பணத்தை விடுவது இங்கேதான். வாலட்டில் எழும் சாளரங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தெரிவதால், எல்லாவற்றையும் ஓடிபி போலத் தட்டிக்கொண்டே போகிறார்கள். அவற்றில் வகை இருக்கிறது.

‘இணை’ என்று கேட்டால், தளம் உங்கள் முகவரியையும் இருப்பையும் பார்க்கும், எடுக்க முடியாது. ‘கையெழுத்து’ என்றால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் லாகினாக இருக்கலாம். ‘பெர்மிட்’ என்று இருந்தால், கேஸ் கட்டாமலே உங்கள் டோக்கனை எடுக்கும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள். கேஸ் கேட்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பது தப்பு.

மூன்றாவது ‘அப்ரூவ்’. ஒரு தளத்தில் 20 யுஎஸ்டிசியை (இதுவும் டாலர் மதிப்பை ஒட்டி நிற்பது) வேறொரு டோக்கனாக மாற்றப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சாளரம் வரும். அதில் ‘செலவு வரம்பு’ என்ற இடத்தில் ‘வரம்பில்லை’ என்றோ, எண்ணமுடியாத நீளத்துக்கு ஓர் எண்ணோ இருக்கும். அப்படியே உறுதி செய்தால், இன்று 20 மட்டும் போகும். ஆனால் அந்த கான்ட்ராக்ட் நாளைக்கும் அடுத்த வருடமும், நீங்கள் புதிதாகக் கொண்டுவரும் யுஎஸ்டிசி முழுவதையும் எடுக்கலாம். கான்ட்ராக்டில் ஓட்டை விழுந்தால் திருடன் எடுப்பான். அந்த எண்ணின் பக்கத்தில் இருக்கும் ‘திருத்து’ குறியைச் சொடுக்கி 20 என்று மாற்றுங்கள். அடுத்தமுறை மறுபடி அப்ரூவ் செய்யவேண்டிவரும், கொஞ்சம் கேஸ் கூடுதலாகும். ஆகட்டும்.

டேபை மூடுவதாலோ, ‘துண்டி’ பொத்தானை அழுத்துவதாலோ இந்த அனுமதி போய்விடாது. அது பிளாக்செயினில் பதிந்தது. எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தின் அப்ரூவல் பக்கத்திலோ, ரிவோக் கேஷ் தளத்திலோ, ராபிக்குள்ளேயே இருக்கும் பட்டியலிலோ பார்த்து ரத்து செய்யவேண்டும். அதற்கும் கேஸ் வேண்டும்.

சந்தேகம் கேட்க டெலிகிராமிலோ டிஸ்கார்டிலோ போய் ஒரு கேள்வி போட்டால், ஐந்து நிமிடத்தில் ‘சப்போர்ட்’ என்ற பெயரில் ஒருவர் தனியாக மெசேஜ் செய்வார். மிகவும் மரியாதையாகப் பேசுவார். கடைசியில் ‘வாலட்டைச் சரிபார்க்க’ ஓர் இணைப்பு தருவார். அங்கே 12 கட்டங்கள் இருக்கும். எந்த வாலட் நிறுவனமும் வார்த்தைகளைக் கேட்பதில்லை. அங்கேயே பிளாக் செய்யுங்கள்.

எவ்வளவு தொகை வரை பிரவுசர் வாலட்டில் வைக்கலாம்? தொலைந்தால் அந்த மாதம் தூக்கம் கெடாத அளவுக்கு. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. அந்த வழியிலும் கேடு வரும். 2025 டிசம்பரில் ட்ரஸ்ட் வாலட்டின் கிரோம் எக்ஸ்டென்ஷனில் 2.68 என்ற பதிப்பு, திருட்டு நிரலோடு அதிகாரபூர்வ ஸ்டோர் வழியாகவே வந்தது. பயனர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. 70 லட்சம் டாலருக்கும் மேல் போனது. தொலைந்தால் தூக்கம் கெடும் அளவுத் தொகைக்கு ஹார்டுவேர் வாலட் வாங்கி எக்ஸ்டென்ஷனோடு இணையுங்கள். அப்போது சாவி கணினிக்குள் வராது, எக்ஸ்டென்ஷன் வெறும் ஜன்னல்தான். ஒரே எச்சரிக்கை: பழைய 12 வார்த்தைகளை ஹார்டுவேரில் போடாதீர்கள். அவை ஏற்கனவே பிரவுசரைப் பார்த்தவை. ஹார்டுவேர் புதிதாகத் தரும் வார்த்தைகளோடு தொடங்கி, பணத்தை அந்த முகவரிக்கு அனுப்புங்கள்.

10. கணக்கு எழுதுவது, திருடு போனால் செய்வது

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் விற்றால் அவர்களே பிடித்துக் கணக்குக் கொடுப்பார்கள். சொந்த வாலட்டுக்கு வந்தபிறகு கணக்கு எழுதுவது உங்கள் வேலை. வாலட்டுக்குள் ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் வரிக்கணக்கில் விற்பனைதான். ரூபாய் கைக்கு வரவில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

ஒரு ஷீட்டில் தேதி, எந்த டோக்கன், எவ்வளவு, அன்றைய ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு) என்று ஐந்து பத்தி போதும். அன்றன்றே எழுதினால் ஒரு நிமிட வேலை. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது உட்கார்ந்து தேடினால் ஒரு வாரம் போகும், ஆடிட்டரும் கோபப்படுவார்.

திருடு போனது தெரிந்தால் முதலில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுங்கள். வேறு ஒரு சுத்தமான கணினியில் புது வார்த்தைகளோடு புது வாலட் உருவாக்கி, மீதியை அதற்கு மாற்றுங்கள். பழைய வாலட்டில் பாஸ்வேர்டை மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. திருடன் கையில் இருப்பது சாவி. கேஸ் கட்டவென்று பழைய வாலட்டுக்குப் பணம் அனுப்பும் முன் யோசியுங்கள். வந்த நொடியிலேயே உருவிக்கொள்ளும் பாட்களை (தானியங்கி நிரல்கள்) அங்கே உட்காரவைத்திருப்பார்கள்.

பிறகு 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை ஹாஷ், பணம் போன முகவரி, நேரம், நீங்கள் இணைத்த தளத்தின் முகவரி, அந்த ‘சப்போர்ட்’ ஆளோடு பேசிய மெசேஜ்களின் படங்கள் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். காசு ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருப்பது பிளாக்செயினில் தெரிந்தால், அந்த எக்ஸ்சேஞ்சுக்கும் புகார் எண்ணோடு மெயில் அனுப்புங்கள். அங்கிருந்து வெளியேறும் முன் முடக்கவைத்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு, அதனால் அன்றைக்கே.